ஒன்பது வருடம், ஒரே செவ்வாய்க்கிழமை

போன வருடம் ஒரு குறிப்பேட்டுச் செயலியை விட்டு வெளியேறினேன். ஒன்பது வருடமாக எல்லாம் அதில்தான் இருந்தது. வேலைக் குறிப்புகள், படித்ததில் பிடித்த வரிகள், பாதியில் நின்ற கட்டுரைகள், யாரோ சொன்ன மருந்தின் பெயர், தூக்கம் வராத இரவுகளில் தட்டியவை என்று மொத்தம் 1,140 குறிப்புகள். செயலி ஒன்றும் மோசமில்லை. நடுவில் நிறுவனம் கைமாறியது, கட்டணம் ஏறியது, நான் கேட்காத வசதிகள் வந்து திரையில் பாதியை அடைத்துக்கொண்டன. சரி, போதும் என்று தோன்றிவிட்டது.

'ஏற்றுமதி செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். சில நிமிடங்களில் ஒரு ஜிப் கோப்பு வந்து இறங்கியது. குறிப்புக்கு ஒரு கோப்பு வீதம் ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நான் போட்டு வைத்திருந்த இணைப்புகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் முகவரிக்கே போயின. கணக்கை மூடினால் அவை எங்கேயும் போகாது. படங்கள் தனியாக ஒரு அடைவில், வெறும் எண்களைப் பெயராகத் தாங்கிக்கொண்டு கிடந்தன. இதையெல்லாம்விட என்னை உலுக்கியது தேதிகள்தான். எந்தக் குறிப்பை எந்த நாளில் எழுதினேன் என்பது செயலிக்குத் தெரியும், திரையில் காட்டவும் செய்யும். ஏற்றுமதிக் கோப்பில் மட்டும் அது இல்லை. கோப்பின் தேதியாக இருந்தது நான் பொத்தானை அழுத்திய நாள். என் ஒன்பது வருடமும் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நான்கே நிமிடத்தில் நடந்து முடிந்திருந்தது.

உதவிக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் தரவு முழுவதும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் எழுதிய ஒரு சொல்கூட விடுபடவில்லை.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். பெட்டி படுக்கையோடு போக விடுவது ஒன்று. போன பிறகும் பழைய இடத்தில் இருப்பவர்களோடு பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் முதலாவதைக் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்துவிடுகின்றன. இரண்டாவதற்கு மட்டும் வழக்கும் சட்டமும் தேவைப்படுகிறது. இந்த இரண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் இன்டர்ஆப்பரபிலிட்டி என்று வாய் வலிக்கச் சொல்கிறார்கள். தமிழில் கலைச்சொற்கள் சில புழங்குகின்றன, எதுவும் இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. நான் ஒத்துப்போவது என்றே சொல்லிக்கொள்கிறேன். வேறு வேறு ஆட்கள் எழுதிய மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, அவ்வளவுதான்.

தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் அட்டவணையான யூனிகோட் பரவுவதற்கு முந்தைய கோப்புகளை இன்னும் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஐந்து ஆங்கிலக் குறிகளை: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அம்மா தெரிவாள். இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளும் அப்படியே நின்று முறைக்கும். பாமினி போதாதென்று டிஸ்கி என்ற இன்னொரு எழுத்து அட்டவணை, அப்புறம் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டேம், டேப், இவற்றுக்கு வெளியே ஆளாளுக்கு ஒரு சொந்த அட்டவணை. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் ஒட்டினால் குப்பைதான் மிஞ்சும்.

இந்தக் கதையில் வில்லன் யாரும் கிடையாது. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த சிக்கலைத் தனக்குத் தெரிந்த விதத்தில் தீர்த்துக்கொண்டார்கள். யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் விண்டோஸ் 2000 வந்து தமிழைத் தானாகவே காட்டத் தொடங்கும்வரை நம்மில் பலருக்கு அது காகிதத்தில் இருந்த தரம்தான். ஆதிக்கம் செலுத்தும் ஒரு நிறுவனம் மனது வைத்ததும் தேர் நகர்ந்தது. பெரிய நிறுவனங்களைத் திட்டி எழுத உட்கார்ந்த எனக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. என்ன செய்வது, நடந்தது அப்படித்தான். (யூனிகோடில் 'கி' என்ற ஓர் எழுத்துக்கு ஏன் இரண்டு குறியீடு என்ற பழைய சண்டையை நான் இங்கே இழுக்கவில்லை.)

பாமினிக் கோப்புகளை இன்றைக்கும் மீட்கலாம். கோப்பு நம் கையில் இருந்தது. அட்டவணை ஊருக்கே தெரியும். மாற்றிக் கொடுக்கும் நிரல்களை யார் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பூட்டு இருந்தாலும் சாவி தெருவிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் கலை வேறு இடத்தில் வளர்ந்தது. அதற்கு முன் ஒரு வேடிக்கை. எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 1900 பிப்ரவரி 29 என்று அடித்துப் பாருங்கள். மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அப்படியொரு நாளே உலகத்தில் வந்ததில்லை. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம், 1900 அப்படி வகுபடாது. இது மைக்ரோசாஃப்ட்டின் கவனக்குறைவும் இல்லை. 1980-களில் விரிதாள் உலகத்தின் ராஜா லோட்டஸ் 1-2-3. பிழை அதில் இருந்தது. எக்செல்லை எழுதியவர்கள் தெரிந்தேதான் அதையும் சேர்த்து நகலெடுத்தார்கள். பிழையைத் திருத்தியிருந்தால் லோட்டஸ் கோப்போடு வருகிறவரின் தேதிகள் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துபோயிருக்கும். வருகிறவருக்குச் சிரமம் கொடுத்தால் அவர் வரமாட்டார். அன்றைக்கு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட்.

ஐபிஎம் கணினியின் கதையும் இதே குடும்பம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஏறக்குறைய எல்லாமே கடையில் கிடைக்கும் பாகங்கள். கணினியை எழுப்பி பாகங்களை இயக்கும் பயாஸ் என்ற சின்ன நிரல் மட்டும் ஐபிஎம்முக்குச் சொந்தம். காம்பேக் நிறுவனம் அதைத் தொடாமல், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை எழுதியது. பீனிக்ஸ் நிறுவனமும் இதையே செய்து, எழுதியதை யார் கேட்டாலும் விற்றது. முறை இதுதான்: ஒரு குழு மூல நிரலைப் படித்து அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும், மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அந்த விவரத்தை வைத்துப் புதிதாக எழுதும். ஐபிஎம்மைப் போன்ற கணினிகள் புற்றீசலாகக் கிளம்பின. அத்தனையிலும் ஓடியது மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் என்ற இயங்குதளம். இன்றைய மாளிகைகளில் பல இப்படி அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஏறி நின்று கட்டப்பட்டவை. ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்வதுதான் அடுத்த கட்டம்.

வேர்டின் பழைய டாக் கோப்பு ஓர் ஆவண வடிவம் என்பதைவிட, ஒரு நிரல் தன் மனதில் இருப்பதை வட்டில் கொட்டி வைத்த மாதிரிதான். இந்த எண் எதற்கு, அந்த இடைவெளி ஏன் என்று அந்த நிரலுக்கே வெளிச்சம். பல ஆண்டுகளாக மற்ற மென்பொருள்காரர்கள் அதை ஊகித்து ஊகித்துத் திறந்தார்கள். பத்தி குலைந்தது, அட்டவணை ஓடிப்போனது. பழி எப்போதும் ஊகித்தவன் தலையில்தான் விழுந்தது. 2008 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வடிவங்களின் விவரத்தைப் பொதுவில் வெளியிட்டது.

அதற்குள் ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006-ல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமாகிவிட்டது. அரசாங்கங்கள் திறந்த தரத்தில் ஆவணங்கள் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் மைக்ரோசாஃப்ட்டும் தன் புதிய வடிவத்தைத் தரமாக்க முனைந்தது. ஓடிஎஃப் ஏறத்தாழ 700 பக்கம். இது ஏறத்தாழ 6,000 பக்கம். எக்மா என்ற தர அமைப்பு 2006-ல் வெளியிட்ட முதல் வடிவத்தில் 'வேர்ட் 95 விட்ட மாதிரி இடைவெளி விடு' என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டது என்று அதில் சொல்லவில்லை. அந்த இல்லாத பிப்ரவரி 29-ம் உள்ளே இருந்தது. ஒரு மென்பொருளின் பழக்கவழக்கங்களைப் பட்டியல் போட்டுத் தரம் என்று பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும். 2008-ல் ஐஎஸ்ஓவில் அது நிறைவேறியது. இந்தியா, பிரேசில், தென் ஆப்பிரிக்கா, வெனிசுவேலா நான்கும் மேல்முறையீடு செய்து பார்த்தன, எடுபடவில்லை.

இருந்தும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில், மைக்ரோசாஃப்ட்டின் அந்தப் புதிய வடிவமான டாக்எக்ஸ் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் நன்றாகவே திறக்கிறது. 6,000 பக்க மோசமான தரம்கூட, தரமே இல்லாததைவிடப் பரவாயில்லை. கோப்பு என்பது அசையாத பொருள் என்பதும் இதற்கு உதவுகிறது. எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் பொறுமையாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம். எதிரே இருப்பது உயிருள்ள உரையாடலாக இருந்தால்தான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தை நேரடியாக எதிர்கொண்டது சாம்பா என்ற இலவச மென்பொருள். என் முதல் வேலையில் ஒரு பழைய கணினியில் லினக்ஸைப் போட்டு, அதில் சாம்பாவை ஏற்றி, அலுவலகம் முழுவதற்கும் கோப்பு சர்வராக்கியிருந்தேன். விண்டோஸ் கணினிகளுக்குத் தாங்கள் பேசுவது விண்டோஸ் சர்வரோடு இல்லை என்பதே தெரியாது. ஏதோ மாயம் மாதிரி இருந்தது. அதன் பின்னால் இருந்த உழைப்பு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் அதைத் தொடங்கினார். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் விதிகளின், அதாவது நெறிமுறையின், பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று ஆங்கில எழுத்தும் அதே வரிசையில் இடம்பெறும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததுதான் சாம்பா. மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் எப்படிப் பேசுகிறது என்பதை விளக்கும் முழு ஆவணம் கையில் இல்லாமல் இதையெல்லாம் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன உவமை அழகானது. உங்களுக்கு பிரெஞ்சு மொழி தெரியாது. ஒரு பிரெஞ்சு உணவகத்தில் போய் மூலையில் உட்காருகிறீர்கள். பக்கத்து மேசைக்காரர் ஏதோ சொல்கிறார், பரிமாறுபவர் ஒரு பண்டத்தைக் கொண்டுவருகிறார். குறித்துக்கொள்கிறீர்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்து மொழியைக் கற்கிறீர்கள். சாம்பா குழுவினர் கம்பியில் போகும் தரவுப் பொட்டலங்களை அப்படித்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார்கள். கவனித்தது போதாதபோது தாங்களே நிரல் எழுதி, சர்வரிடம் கண்டபடி எதையெதையோ கேட்டு, அது என்ன முகம் காட்டுகிறது என்று பார்த்தார்கள்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-ல் கொடுத்த புகார் அதன் தொடக்கம். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, சர்வர் நெறிமுறைகளின் விவரத்தைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. நிறுவனம் நீதிமன்றம் போய் 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில் சாம்பா குழுவின் சார்பில் ஓர் அறக்கட்டளை ஒரு முறை மட்டும் 10,000 யூரோ கட்டியது, ஆவணங்கள் கிடைத்தன. புகாரிலிருந்து ஆவணம் வரை ஒன்பது வருடம். என் குறிப்பேட்டின் ஆயுள். அபராதத் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கென்னவோ அந்த 10,000 யூரோதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஊகிக்க வேண்டிய அவசியத்தை முடித்துவைத்த பணம் அது.

சாம்பாவின் கதை பூட்டைத் திறந்த கதை. திறந்தே இருந்த கதவு வழியாக எல்லோரும் உள்ளே வந்த பிறகு வீட்டையே காலி செய்த கதையும் ஒன்று உண்டு. ஜெரமி மில்லர் 1999-ல் ஜாபர் என்ற உரையாடல் நெறிமுறையை அறிவித்தார். 2004-ல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் அது இணையத் தரமானது. மின்னஞ்சலைப் போலத்தான் அதன் அமைப்பு: உங்கள் சர்வர் ஒன்று, என் சர்வர் ஒன்று, இரண்டும் பேசிக்கொள்ளும். 2005-ல் கூகுளின் உரையாடல் செயலியான கூகுள் டாக் இதையே அடிப்படையாக வைத்து வந்தது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. சின்னச் சின்ன சர்வர்களை நடத்தியவர்களுக்கு அது திருவிழா. ஜிமெயில் வைத்திருக்கும் எவரோடும் தங்கள் சொந்த சர்வரிலிருந்தே பேச முடிந்தது.

2013-ல் கூகுள் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸைக் கொண்டுவந்தது. அதில் வெளி சர்வர்களுக்கு இடமில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை, யாரையும் தடை செய்யவும் இல்லை. தரம் இம்மியும் மாறாமல் அப்படியே இருந்தது. அதன் வழியே எட்டக்கூடிய ஆட்களில் பெரும்பகுதியினர் மட்டும் ஒரே நிறுவனத்தின் பக்கம் இருந்தார்கள், நிறுவனம் நகர்ந்ததும் அவர்களும் நகர்ந்துபோனார்கள். திறந்த தரம் இருந்தால் போதும், பூட்டு தானாக உடைந்துவிடும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். என் நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது இங்கேதான். மின்னஞ்சல் மட்டும் எப்படித் தப்பித்தது என்று யோசித்தால், அதன் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் எழுதப்பட்டபோது பெரும்பான்மை என்று சொல்லிக்கொள்ள எந்த நிறுவனமும் இல்லை என்பதுதான் காரணமாகப் படுகிறது. எல்லோரும் சிறியவர்களாக இருந்தபோது போட்ட ஒப்பந்தம் அது. இப்போது புதிதாகச் சொந்த அஞ்சல் சர்வர் வைத்து அனுப்பிப் பாருங்கள், உங்கள் கடிதம் குப்பைப் பெட்டியிலேயே விழ நல்ல வாய்ப்பு உண்டு.

பூட்டு தற்செயலாக விழுவதில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் விளையாட்டு மென்பொருள் நிறுவனமான எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது போட்ட வழக்கைப் பார்க்கலாம். 2021-ல் அது விசாரணைக்கு வந்தபோது ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013 வாக்கில் உள்ளேயே பேச்சு நடந்திருக்கிறது. கொடுத்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுப்பதற்கு இருக்கும் ஒரு தடை நீங்கிவிடும் என்று மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி எழுதியிருந்தார். தொழில்நுட்பச் சிக்கல் என்ற சாக்குக்கே அங்கே வேலை இல்லை.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இதைத்தான் தொடப் பார்க்கிறது. 2024 மார்ச்சிலிருந்து வாட்ஸ்அப் போன்ற பெரிய உரையாடல் செயலிகள், கேட்கும் மற்ற செயலிகளோடு அங்கே பேசியாக வேண்டும். முதலில் இருவருக்குள் செய்தியும் படமும், பிறகு குழு, அதற்கும் பிறகு அழைப்பு. நல்லதுதானே என்று பார்த்தால், அந்தரங்கத்தைக் காப்பதற்குப் பேர்போன சிக்னல், த்ரீமா செயலிகள் எங்களுக்கு வேண்டாம் என்றன. இடையில் யாரும் படிக்காதபடி செய்தியைப் பூட்டும் மறையாக்கத்தை இரண்டு வீட்டார் சேர்ந்து காப்பாற்றுவது, ஒருவரே காப்பாற்றுவதைவிடக் கடினம். யாரோடு எப்போது பேசினாய் என்ற விவரம் அடுத்த நிறுவனத்துக்கும் போகும். ஒரு நெறிமுறையைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் அது உறைந்துபோய்விடும், முன்னேற முடியாது என்று சிக்னல் தரப்பு 2016-லேயே வாதிட்டது. இந்த வாதத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அதே வாதத்தை இருநூறு கோடிக்கும் மேற்பட்டோரை வைத்திருக்கும் நிறுவனம் சொல்லும்போது மட்டும் எனக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

அடுத்தவர் சர்வர்களை வாடகைக்கு எடுக்கும் மேகக் கணிமையில் நடந்ததும் இதோடு பொருந்துகிறது. ஒரு நிறுவனத்தின் சர்வர்களில் குவித்த தரவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் வாங்குவது வெகுநாள் வழக்கம். ஐரோப்பாவின் தரவுச் சட்டம் நெருங்கியதும் 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும், ஒரேயடியாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. பெட்டி படுக்கைக்குச் சுங்கம் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் தரவுத்தளத்துக்கும் வரிசைகளுக்கும் ஏற்ற மாதிரி எழுதிய நிரல்களை வேறு இடத்தில் ஓட வைப்பது உங்கள் பாடு.

என் குறிப்புகள் இப்போது வெறும் உரைக் கோப்புகளாக, யூனிகோடில், என் கணினியிலேயே இருக்கின்றன. இணைப்புகளைச் சரிசெய்ய ஒரு வார இறுதி போனது. தேதிகளைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். குறிப்புக்குள்ளேயே தேதி இருந்தால் எடுத்துக்கொள்ளும், ஒட்டிய புகைப்படத்தில் எடுத்த நாள் பதிவாகியிருந்தால் அதைப் பார்க்கும், எதுவும் இல்லாவிட்டால் முன்பின் குறிப்புகளை வைத்து ஊகிக்கும். நானும் மூலையில் உட்கார்ந்து பக்கத்து மேசையைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். 828 குறிப்புகள் அவற்றின் நாளுக்குத் திரும்பிவிட்டன. 312 பாக்கி. அதில் ஒன்றில் 'நாளை காலை மறக்காமல் கூப்பிட வேண்டும்' என்று ஒரே ஒரு வரி. யாரை, எந்த நாளை என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதைச் செவ்வாய்க்கிழமையிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.